மாலையில் கூண்டுக் கதவைச் சாத்துகிறவர்களுக்கு

கோலாலம்பூர், செராஸ் வட்டாரத்துத் தாமான் குடியிருப்பு வீடுகளின் பின்புறத்திலும் பக்கவாட்டிலும் நாலைந்து கோழிகளை வளர்த்துவரும் தமிழ்க் குடும்பத்தார் அனைவருக்கும் எழுதுகிறேன்.

உங்களில் பெரும்பாலோரை நான் முகமறிய மாட்டேன். ஆயினும், தாமான் கொனோட்டிலிருந்து ஒன்பதாம் கட்டை வரையில் நாள்தோறும் காலையில் நடந்துபோய் வரும் வழக்கம் எனக்கு உண்டாகையால், மதிற்சுவர்களுக்கு அப்பாலிருந்து, முட்டையிட்டுவிட்ட பெட்டைக்கோழி ஊரறியக் கொக்கரிக்கும் குரலை ஏழெட்டு இடங்களிலாவது கேட்கிறேன். அந்த மதிலுக்குப் பின்னால் வசிக்கும் குடும்பம் எதுவென்று தெரியாவிட்டாலும், பொழுது சாயும் வேளையில் அங்கே ஒருவர் தீனிக் கிண்ணத்தோடு வந்து நின்று, 'பா, பா' என்று கோழிகளை அழைத்து, அவை ஒவ்வொன்றாக உள்ளே போவதை எண்ணிப் பார்த்து, பிறகு கூண்டின் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். இந்த மடல் அவருக்கு எழுதப்படுவது.

சென்ற ஆண்டு நவம்பர் மாதம், இரவு முழுவதும் மழை கொட்டித் தீர்த்த ஒரு நாளின் விடியற்காலையில், நான் சமையலறைப் பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கும் ஓசை கேட்டவுடன் கூண்டுக்குள் எழும்பும் வழக்கமான சலசலப்பு எழவில்லை. கோழி வளர்ப்பவர்களுக்கு அந்த மௌனத்தின் அர்த்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தேன். 4 அடி நீளமும் 3 அடி அகலமும் கொண்ட அந்தக் கூண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கடையில் ஆயத்தமாகச் செய்து வைத்திருந்ததை வாங்கி வந்தது. ஆறு கோழிகள் அதில் அடைந்துகொண்டிருந்தன. உள்ளே ஒரு மூலையில், பழுப்பும் கறுப்பும் மஞ்சளும் பாய் முடைந்தாற்போலக் கலந்த உடம்பொன்று சுருள்சுருளாகக் கிடந்தது. அது மலைப்பாம்பு என்பது என் புத்திக்கு எட்டவே சற்று நேரம் பிடித்தது. அவ்வுடம்பின் நடுப்பகுதி, விழுங்கப்பட்ட கோழியின் அளவுக்குப் புடைத்திருந்தது; இன்னும் இரண்டு கோழிகள் இறுக்குண்டு செத்து அதன் அருகிலேயே கிடந்தன. எஞ்சிய மூன்றும் எதிர்மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கழுத்தை மேலே நீட்டியபடி, குரலே எழுப்பாமல் நின்றன. அவற்றுள் சாம்பல் நிறப் பெட்டை ஒன்றின் மார்பில் இறகே இல்லை. வலையைத் தள்ளிக்கொண்டு எப்படியாவது மேலே எழும்பிவிட வேண்டுமென்று அது இரவெல்லாம் முயன்றதில் தோல் உரிந்து, கம்பிவலையின் அறுகோணக் கண்கள் வரிசை வரிசையாக அதன் சதையில் பதிந்திருந்தன.

பாம்பு நுழைந்த வழியைப் பிற்பாடு கண்டுபிடித்தேன். மழையில் ஊறி ஊறிக் கதவின் பலகை உப்பி, சட்டத்தைவிட்டு இரண்டு விரற்கடை விலகியிருந்தது. வெறும் வயிற்றோடு வந்தபோது இடம்கொடுத்த அந்தச் சந்து, இரையை விழுங்கிய பின் அதற்கு வழிவிடவில்லை. ஆதலால் அதுவும் உள்ளேயே சிறைப்பட்டுப்போயிற்று. பொதுத் தற்காப்புப் படையினர் வந்து, அதைக் கோணிப்பையில் இட்டு எடுத்துச் சென்றனர். சாம்பல் நிறப் பெட்டைக்கு மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டேன். அது நான்காம் நாள் செத்தது.

என் தகப்பனார் காஜாங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். லயத்து வீட்டின் பின்னால் அவர் வைத்திருந்த கோழிகளுக்குக் கூண்டென்று ஒன்று இருந்ததே இல்லை. குஞ்சுகளை மட்டும் அம்மா பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைப்பார். வளர்ந்த கோழிகளோ அந்தி மயங்கும்போது கிணற்றடி ரம்புத்தான் மரத்தில் கிளைகிளையாகத் தாவி ஏறி அங்கேயே உறங்கிவிடும். மூசாங் என்னும் மரநாய் வந்து ஒன்றைக் கவ்விக்கொண்டு போனது உண்டு. ஆனால் அந்த ஒன்று அலறிய மாத்திரத்தில் மற்றவை இருட்டிலேயே சிறகடித்துச் சிதறிவிடுமாகையால், பத்தில் ஒன்று குறைந்தாலும் மறுநாள் காலையில் ஒன்பது தீனிக்கு வந்து நிற்கும். அந்த மரத்தைத்தான் நாம் இந்தத் தாமான்களில் கோழியிடமிருந்து எடுத்துவிட்டோம். அக்கம்பக்கத்தாரின் சௌகரியத்துக்காகவும், சாலையில் ஓடும் வாகனங்களுக்கு அஞ்சியும், நகராண்மைக் கழகத்தின் விதிகளுக்கு உட்பட்டும் நாம் அதை அடைத்து வைக்கிறோம், அதில் தவறொன்றுமில்லை. ஆனால் தப்பியோடும் வழியை நம் கையாலேயே சாத்திய க்ஷணத்தில், அந்த ஜீவனுக்கு வரக்கூடிய அபாயம் முழுவதும் நம் பொறுப்பில் வந்து சேர்ந்துவிடுகிறது. பாதுகாப்பற்ற கூண்டு, கூண்டே இல்லாமையைக் காட்டிலும் கொடியது. நான் உங்களிடம் சொல்ல வந்த விஷயம் இதுதான். மற்றவையெல்லாம் அதன் விரிவு.

கோழி மரத்துக்குரிய பறவை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இன்றும் இந்தத் தீபகற்பத்தின் காடோரங்களில் திரியும் செங்காட்டுக்கோழியே நம் வீட்டுக்கோழிக்கு மூலவம்சம். தாய்லாந்தில் பான் நோன் வாட் என்னும் புராதன ஊரில், கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்த எலும்புகள் கிடைத்திருக்கின்றன. வீட்டுக்கோழிக்குரியவை என்று கொள்ளத்தக்கவற்றுள் மிகப் பழையவை இவையே என்று 2022இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கூறுகிறது. நெல்லும் தினையும் பயிரிட்ட வயல்களும் களஞ்சியங்களும்தாம் காட்டுக்கோழியை மரத்திலிருந்து மனிதனருகே இறக்கிக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது அந்த ஆய்வாளர்களின் துணிபு. பகலில் நம் தானியத்துக்காகக் கீழே இறங்கிய அந்தப் பறவை, மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும், இருட்டத் தொடங்கியவுடன் உயரமான இடத்தைத் தேடும் பழக்கத்தை விடவில்லை. முருகனுடைய கொடியில் சேவலை ஏற்றி, சோழர் தலைநகராகிய உறையூருக்கே கோழி என்று பெயர் வழங்கிய ஜாதியில் பிறந்த நாம், அதன் இந்தச் சிறிய இயற்கைக்கு ஓர் இடம் தருவது பெரிய காரியமல்ல.

நம்மில் பலர் அண்மைக் காலத்தில்தான் மறுபடியும் கோழி வளர்க்கத் தொடங்கினோம். 2022ஆம் ஆண்டு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும்: தீனி விலை ஏறி, பண்ணைகளில் உற்பத்தி குறைந்து, ஜூன் 1ஆம் தேதி முதல் கோழி ஏற்றுமதியையே அரசாங்கம் நிறுத்தி வைத்தது, ஜூலையில் தீபகற்பத்தில் கிலோவுக்கு 9 வெள்ளி 40 காசு என்று உச்சவரம்பு விலை விதித்தது. முட்டைக்குத் தட்டுப்பாடு முற்றி, அந்த ஆண்டின் இறுதியில் தமிழ்நாட்டு நாமக்கல்லிலிருந்து முட்டைகள் கப்பலேறி இங்கே வந்தன. கடைத்தட்டுகள் காலியாகக் கிடந்த அந்த மாதங்களில், பழைய தோட்டத்து ஞாபகம் வந்து, கையில் கிடைத்த பலகையையும் வலையையும் கொண்டு அவசரமாகக் கூண்டு கட்டியவர்கள் நம்மில் அநேகர். தட்டுப்பாடு தீர்ந்துவிட்டது, அவசரத்தில் கட்டிய கூண்டுகள் அப்படியே நிற்கின்றன. நடைபாதையிலிருந்தே அவற்றில் சிலவற்றை நான் பார்க்கிறேன். மேலே ஒரு தகரம், சுற்றிலும் மெல்லிய வலை, கதவுக்கு ஒரு துண்டுக் கயிறு.

செராஸ் எத்தகைய ஸ்தலம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 2017இல் எம்ஆர்டி ரயில் காஜாங் வரையில் ஓடத் தொடங்கிய பிறகு, இது முற்றிலும் நகரமாகிவிட்டதென்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் தாமான் சன்டெக்ஸுக்குப் பின்னால் பூக்கிட் அப்பேக் குன்றின் மரங்கள் இன்னும் நிற்கின்றன, அங்கிருந்து இறங்கும் ஓடைகள் நம் வீட்டு வடிகால்களோடு வந்து கலக்கின்றன. மலைப்பாம்புக்கும் பியாவாக் என்னும் நீருடும்புக்கும் அந்த வடிகால்களே ராஜபாட்டை. மூசாங்கோ வீட்டுக் கூரைகளிலேயே குடித்தனம் நடத்துகிறது. நாம் சிந்தும் தீனிக்கு எலி வருகிறது. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. பாம்பு இருட்டிலும் உடலின் வெப்பத்தை உணரவல்ல குழிகளை உதட்டோரத்தில் உடையதாகையால், உறங்குகிற கோழியைக் கண்டுபிடிக்க அதற்கு வெளிச்சம் வேண்டியதில்லை.

ஆகவே கூண்டைப் பெரிதாக்குவதற்கு முன்னால் வலையைப் பற்றிப் பேசுகிறேன். இதில் நான் சற்று விஸ்தாரமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஹார்ட்வேர் கடையில் கோழிவலை என்று கேட்டால், அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கம்பிவலையைத்தான் சுருளாக எடுத்துப் போடுவார்கள். கோழி வெளியே போகாதிருக்க அது போதும். பிற பிராணி உள்ளே வராதிருக்க அது போதவே போதாது. அதன் கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டவையே தவிரப் பற்றவைக்கப்பட்டவை அல்லவாதலால், நாய் பல்லால் பற்றி இழுத்தாலும் பியாவாக் நகத்தால் கீறினாலும் துருப்பிடித்த ஓரிடத்தில் அறுந்து, அங்கிருந்து வழிநெடுகப் பிரிந்துகொண்டே போகும். கண்களோ ஓர் அங்குலத்துக்கு மேல் அகன்றவை; இளம் பாம்பும் எலியும் அவற்றினூடே தாராளமாக நுழையும்; மூசாங் தன் முன்னங்காலை உள்ளே விட்டு, ஓரத்தில் உறங்கும் கோழியின் கழுத்தைப் பற்றி இழுத்துவிடும். நாம் கேட்க வேண்டியது, அரை அங்குலக் கண்ணுள்ளதும், கம்பி ஒவ்வொன்றும் பற்றவைக்கப்பட்டு முலாம் பூசப்பட்டதுமான வெல்டட் மெஷ். அதன் விலை கோழிவலையைப்போலப் பல மடங்கு என்பது உண்மை. ஆனால் கூண்டுக்கென்று ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதியை இந்த வலைக்கே செலவிட்டு, மரத்திலும் வர்ணத்திலும் சிக்கனம் பிடியுங்கள் என்று நான் அனுபவத்தால் சொல்கிறேன். அதை வெறும் ஆணியால் அடிக்கவும் வேண்டாம். கனத்த வாஷர் வைத்துத் திருகாணியால் அரையடிக்கு ஒன்றாக முடுக்குங்கள். ஆணி ஈரமரத்தில் ஓராண்டில் தளர்ந்துவிடும்.

அடுத்தது தரை. வலையை ஓரடி ஆழத்துக்குப் புதைக்க வேண்டுமென்று படித்துவிட்டு, எங்கள் மூலைவீட்டுப் பக்கவாட்டு நிலத்தில் நானும் கடப்பாரையைப் போட்டேன். அரையடிக்குக் கீழே வந்ததெல்லாம், வீடுகளைக் கட்டியவர்கள் அள்ளிப் போட்டு மூடிய செங்கல் உடைசலும் சிமெண்டுக் கட்டியுமே. ஒரு நாள் முழுதும் பிரயாசைப்பட்டும் நாலடி தூரம்கூட முன்னேறாததால், வேறு வழியைக் கைக்கொண்டேன்: வலையைப் புதைக்காமல், கூண்டின் அடிச்சட்டத்திலிருந்து வெளிப்புறமாக ஒன்றரை அடி அகலத்துக்குத் தரையிலேயே படுக்கவைத்து, கம்பி முளைகளால் அழுத்திக் குத்தி, மேலே மண்ணைத் தூவிப் புல் முளைக்க விட்டேன். தோண்டும் பிராணி எதுவாயினும் சுவரை ஒட்டியேதான் தோண்டத் தொடங்கும்; அங்கே கம்பி தட்டுப்பட்டால் பக்கத்தில் நகர்ந்து பார்க்குமேயன்றி, ஒன்றரை அடி பின்னால் போய் அங்கிருந்து சுரங்கம் வெட்டும் யோசனை அதற்குத் தோன்றுவதில்லை. புல் வளர்ந்த பின்பு இரண்டு முறை அங்கே கீறிய தடங்களைப் பார்த்தேன். உள்ளே எதுவும் வரவில்லை.

கதவுக்குக் கயிறும், தூக்கினால் திறந்துகொள்ளும் கொக்கியும் வேண்டாம். குரங்கும் மூசாங்கும் அவற்றைக் கற்றுக்கொள்ளும். தாழ்ப்பாளைத் தள்ளி, அதன் துளையில் ஒரு வளையக் கொக்கியையும் மாட்டிவிடுங்கள். மழையில் மரம் உப்புமென்பதைப் பட்டுத் தெரிந்துகொண்ட நான், கதவுச் சட்டத்தை மட்டும் இரும்புக் குழாயில் செய்வித்தேன். சுற்றிலும் எந்த இடத்திலும் என் சுண்டுவிரல் நுழையக்கூடாது என்பதே நான் வைத்துக்கொண்ட அளவு.

இனி விசாலத்தைப் பற்றி. கூண்டுக்குள் கோழி ஒன்றுக்கு 4 சதுரஅடியும், பகலில் உலாவும் வேலிக்குள் 10 சதுரஅடியும் குறைந்தபட்சம் வேண்டுமென்பது வீட்டளவில் கோழி வளர்ப்பவர்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் கணக்கு. என் பழைய கூண்டில் கோழிக்கு 2 சதுரஅடியே இருந்தது. மூன்று ஆண்டுகள் அவை ஒன்றன் முதுகை ஒன்று கொத்திக்கொண்டதற்கும், நான் அதைக் கோழிகளின் துர்க்குணம் என்று நினைத்ததற்கும் காரணம் அதுவே. புதிய கூண்டு 6 அடிக்கு 4 அடி. தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் கால்களின்மேல் நிற்கிறது. அதன் அடியையும் சேர்த்து 14 அடிக்கு 6 அடி அளவில் உலாவும் வேலி. ஆறு கோழிகளுக்கு இது போதும். ஆறுக்கு மேல் இதில் ஒருநாளும் விடமாட்டேன் என்று வீட்டாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கூண்டைப் பெரிதாக்குகிறவர்கள் உடனே கோழிகளையும் பெருக்கிவிடுவதைப் பார்க்கிறேன்; அப்படிச் செய்தால் செலவழித்த பணமெல்லாம் வியர்த்தம்.

குளிர்நாட்டார் எழுதிய நூல்களைப் பார்த்து நாலு பக்கமும் பலகை அடிப்பது நமக்குப் பொருந்தாது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அது அலகைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்பின் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்கிறது. கோலாலம்பூரின் பிற்பகல் 32, 33 டிகிரிக்குப் போகையில், பலகையால் மூடிய பெட்டிக்குள் தகரக்கூரையின்கீழ் அடைபட்ட கோழி படும் அவஸ்தையை, உச்சிப்பொழுதில் கையை உள்ளே விட்டுப் பார்த்தாலே அறிந்துகொள்ளலாம். ஆகவே மழைச்சாரல் அடிக்கும் ஒரு பக்கத்துக்கு மட்டும் பலகை வைத்து, மற்ற மூன்று பக்கங்களிலும் அந்த அரை அங்குல வலையையே அடித்தேன். கூரையைச் சுவரைவிட்டு ஓரடிக்கு மேல் வெளியே நீட்டி, தகரத்துக்கு அடியில் வெப்பம் தடுக்கும் விரிப்பு ஒன்றை ஒட்டினேன். ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்யும் ஊரில் கூரைக்குச் செய்யும் செலவு வீணாவதில்லை. ஈரமான கூளத்தில் இரத்தக்கழிச்சல் பற்றும், அம்மோனியா நெடி எழும்பும், அக்கம்பக்கத்தாருக்கும் அது மூக்கைத் துளைக்கும். மரத்தூளையோ உமியையோ நாலங்குலம் பரப்பி, நனைந்ததை அன்றன்றே அள்ளிவிட்டால் போதும்.

உலாவும் வேலிக்கும் மேலே வலையோடு நிறுத்தாமல் நீர் புகாத கூரை போடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. 2006 பிப்ரவரியில் கோலாலம்பூரின் ஓரத்திலேயே, செத்தாப்பாக்கை அடுத்த கம்போங் பாசிர் வார்டிபர்ன் பகுதியில், அவிழ்த்துவிட்டு வளர்த்த கம்பத்துக் கோழிகளிடையே பறவைக்காய்ச்சல் கண்டது; 2007 ஜூனில் சுங்கை பூலோவின் பாயா ஜாராசில் மறுபடி கண்டது. அதிகாரிகள் வீடுவீடாகப் போய்ச் சுற்றுவட்டாரத்துக் கோழிகளையெல்லாம் கொன்று அப்புறப்படுத்த நேர்ந்தது. நோயுற்ற பறவையின் எச்சம் தீனியிலும் தண்ணீரிலும் விழுவது நோய் பரவும் வழிகளுள் ஒன்று. கூரை அந்த ஒரு வழியையாவது அடைக்கிறது.

வியாதி என்றவுடன், வெள்ளைக்கழிச்சல் என்றும் ராணிக்கெட் என்றும் நாம் சொல்லும் நோயைக் குறிப்பிடாமல் மேலே செல்ல இயலாது. 1926இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்நோய் நுழைந்த மனையில், தடுப்பூசி போடாத கோழிகள் சில நாட்களுக்குள் கூண்டோடு மடிவது சாதாரணம். இதற்கு மருந்து தேடிய சரித்திரத்தில் நம் பக்கத்து ஊருக்கும் பங்குண்டு. 1980களில், செர்டாங்கிலுள்ள அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்து அறிஞர்கள், ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு கூடி, உஷ்ணத்தைத் தாங்கும் வீ-4 என்னும் தடுப்புமருந்தைத் தீனியிலே பூசிக் கம்பத்துக் கோழிகளுக்கு ஊட்டிப் பரிசோதித்தார்கள். அவிழ்த்துவிட்ட கோழியைப் பிடித்து ஊசி போடுவது துர்லபம் என்பதால், அது தானாகத் தேடி வந்து தின்னும் ஆகாரத்திலேயே காவலை வைத்துக் கொடுத்த யுக்தி அது. அடைத்து வளர்க்கும் நமக்கோ கோழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கால்நடை மருத்துவத் துறை அலுவலகத்திலோ அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ விசாரித்து, காலாகாலத்தில் மருந்து கொடுக்காதிருக்க நமக்குச் சாக்கே கிடையாது.

அக்கம்பக்கத்தாரைப் பற்றிச் சில வார்த்தைகள். எங்கள் பின்வீட்டில் ஒரு மலாய் மாது, மக்சிக் என்றே நாங்கள் அழைப்பவர்; இடப்பக்கம் வயதான சீனத் தம்பதிகள். புதிய கூண்டு எழும்புவதற்கு முன்னால் இரு வீட்டாரிடமும் போய், எங்கே வைக்கப்போகிறேன், காற்று எந்தப் பக்கம் அடிக்கும், கழுவிய நீர் எங்கே போகும் என்பதையெல்லாம் சொன்னேன். சீனப் பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்று: சேவல் வேண்டாம். முட்டைக்குச் சேவல் அவசியமில்லை என்பதால், தனியே வைத்திருந்த ஒன்றையும் கம்பத்து உறவினரிடம் கொடுத்துவிட்டேன். அது கூவாத காலை எனக்கு இன்னும் ஏதோ குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு உறக்கம் கலையும் ஒரு முதியவரின் க்ஷேமம் அதைவிடப் பெரிது. வாரத்துக்கு ஆறு முட்டை வீதம் அவ்விரு வீடுகளுக்கும் மாறி மாறிப் போகிறது.

சட்டத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். செராஸின் ஒரு பகுதி கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்கும், சிலாங்கூரைச் சேர்ந்த மற்றப் பகுதியில் பெரும்பாகம் காஜாங் நகராண்மைக் கழகத்துக்கும் உட்பட்டது. ஒரு சாலையைக் கடந்தால் விதியே வேறாகலாமாகையால், உங்கள் வீடு யார் எல்லையில் இருக்கிறதோ அந்த அலுவலகத்திலேயே கேட்டறிந்து, அனுமதி வேண்டுமென்றால் பெற்றுக்கொண்டு, பின்சந்தையும் வடிகாலையும் ஆக்கிரமிக்காமல் கட்டுங்கள். 2015ஆம் ஆண்டுப் பிராணிகள் நலச் சட்டம் 2017 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. பிராணியை வைத்திருப்பவர் அதற்குத் தகுந்த இருப்பிடம் தந்து, துன்பத்திலிருந்தும் காயத்திலிருந்தும் நோயிலிருந்தும் காக்க வேண்டும் என்பதை அது கடமையாகவே விதிக்கிறது. பறவையும் அதில் அடக்கம். சென்ற நவம்பருக்கு முன் நான் அந்தக் கடமையைச் செய்யவில்லை.

பாம்பைக் கண்டால் அடிக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மலைப்பாம்பும் பியாவாக்கும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. 999க்குத் தகவல் சொன்னால் ஆட்கள் வந்து பிடித்துப் போவார்கள். என் கோழிகளைத் தின்ற அந்தப் பாம்பின்மேல் எனக்குத் துவேஷம் இல்லை. பசித்த பிராணி திறந்த வழியில் வந்தது; வழியைத் திறந்து வைத்தவன் நான்.

புதிய கூண்டில் நான் மிகுந்த கவலையோடு அமைத்தது உறங்கும் பரண்கட்டை. கோழிக்குப் பத்தங்குலம் வீதம், இரண்டங்குல அகலமுள்ள சீவிய மரத்தை, வலையிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி, முட்டையிடும் பெட்டிகளைவிட உயரமாக, குறுக்கே இரண்டு வரிசை ஒரே மட்டத்தில் பொருத்தினேன். மட்டம் வேறுபட்டால் மேல்வரிசைக்குச் சண்டை வரும். முதல்நாள் மாலையில், எஞ்சிய இரண்டு பழைய கோழிகளும் புதிதாக வாங்கிய நான்கு விடைக்கோழிகளும் ஏணிப்பலகையில் ஏறி உள்ளே வந்தன. அந்தப் பாம்பு வந்த இரவைக் கண்டிருந்த செம்பழுப்புக் கோழி, வாசலிலேயே நெடுநேரம் நின்று, ஒரு கண்ணால் கூரையையும் மறு கண்ணால் தரையையும் பார்த்தது. பிறகு ஒரே எழும்பலில் கட்டையின்மேல் போய் அமர்ந்து, சுவரோரம் வரையில் பக்கவாட்டிலேயே நகர்ந்து, இறகுகளை உப்பிக்கொண்டு, கால்கள் மறையும்படி உட்கார்ந்தது. மற்றவை அதன் அருகே நெருங்கின. நான் தாழ்ப்பாளைத் தள்ளி, கொக்கியை மாட்டி, அதை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுமுன், உங்கள் கூண்டைச் சுற்றி ஒரு முறை நிதானமாக நடந்து, சுண்டுவிரல் நுழையும் இடங்களையெல்லாம் சுண்ணாம்பால் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே முழுக்கூண்டையும் மாற்ற இயலாதவர்கள், அந்த இடங்களையும் கதவையும் மட்டுமாவது மழை மாதங்களுக்கு முன்னால் சரிசெய்துவிடுங்கள். விசாலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எனக்கு வேலை முடிந்தபின் அரை அங்குல வலை பன்னிரண்டு அடி மிச்சமிருக்கிறது, வாஷர்களும் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. காலை நடையில் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
உங்களுள் ஒருவன்,
செராஸ்.